குப்புற மிதக்கவிட்டு எடுத்த போர்டு: 0.2 மில்லிமீட்டர் டிராக்கும் பிழைத்தது

இந்தத் தடவை வீட்டிலேயே செம்பை அரித்து எடுத்த சர்க்யூட் போர்டில் ஒரு டிராக்குகூட, அதாவது மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகூட, அறுபடவில்லை. போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சின்ன சிப்பான எஸ்எம்டி ஐசியின் கால்களுக்கு நடுவே நுழைந்து போகும் 0.2 மில்லிமீட்டர் கோடுகள்கூட ஓரம் அரிக்காமல் வந்திருக்கின்றன. மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பீப் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோனர் டிரான்ஸ்ஃபரில், அதாவது லேசர் பிரின்ட் எடுத்த வரைபடத்தின் மையைச் சூட்டில் செம்பின்மேல் ஒட்டவைப்பதில், புதிதாக ஒன்றும் இல்லை. அதே லேசர் பிரின்ட், அதே வழவழத் தாள், அதே லேமினேட்டர். மாறியதெல்லாம், டோனர் மூடாத செம்பைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலின் தட்டில்தான்.

செம்புப் பக்கத்தை மேலே வைத்துத் தட்டை ஆட்டிக்கொண்டே இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். கரைந்த செம்பு கரைசலைக் கனமாக்குகிறது. அது போர்டின் மேலேயே படிந்து, புதுக் கரைசலைக் கிட்ட விடாது. ஓரம் சீக்கிரம் கரைந்துவிடும், நடுப்பகுதி கரையாமல் அடம்பிடிக்கும். நடுவுக்காகக் காத்திருந்தால் ஓரத்து டிராக்குகள் மெலிந்துகொண்டே போகும். வழக்கமான போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான்தான். ஆனால் கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் புகுந்துவிடும். தட்டில் போர்டு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு சேதம்.

குப்புறப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்கிறது. கனமான கழிவு தானாகவே கீழே இறங்கிவிடுகிறது, ஆட்ட வேண்டிய வேலை பாதியாகிறது. போர்டின் முதுகில் இருபக்க டேப்பால் ஒரு தெர்மோகோல் துண்டை ஒட்டிவிட்டேன். மிதப்பதற்கும் அதுவே, தூக்கிப் பார்க்கப் பிடியும் அதுவே.

ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு: காற்றுக் குமிழி. போர்டைத் தட்டையாக இறக்கினால் அடியில் குமிழி மாட்டிக்கொள்ளும். அது இருந்த இடத்தில் வட்டமாகச் செம்பு அப்படியே நிற்கும், பக்கத்து டிராக்கோடு ஷார்ட் ஆகும். அதனால் ஒரு விளிம்பை முதலில் நனைத்து, சாய்வாக மெல்லப் படுக்க வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தூக்கிப் பாருங்கள். கரைசல் பட்ட செம்பு பளபளப்புப் போய் மங்கலான இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். எங்காவது இன்னும் மின்னினால் அங்கே குமிழி இருந்திருக்கிறது, இல்லையென்றால் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு. குமிழி என்றால் மறுபடி சாய்த்து இறக்கினால் போதும். பிசுக்கு என்றால் அலசி, அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். டோனரைப் பிடித்து அழுத்திவிடாதீர்கள்.

சூடு 40 முதல் 45 டிகிரி செல்சியஸ். வெந்நீர் ஊற்றிய பெரிய தொட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டை வைத்தேன், அவ்வளவுதான். அடுப்பில் நேராக வைக்கும் வேலையே வேண்டாம். சூடு ஏறினால் அமிலப் புகை கிளம்பும். மூக்குக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமான்களுக்கும் அது எமன். நைட்ரைல் கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். அலுமினியத்தைக் கிட்டவே கொண்டுபோகக்கூடாது, கொதித்துப் பொங்கும். எவர்சில்வரும் அரிக்கும், அதனால் இடுக்கிகூடப் பிளாஸ்டிக்தான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெர்ரிக் குளோரைடு மஞ்சள் பழுப்புக் கட்டியாகவும் வரும், நீரற்ற கருந்தூளாகவும் வரும். எது என்று லேபிளில் போடாமல் விற்கும் ஆட்களைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது. நீரற்ற தூள் தண்ணீரில் பட்டதும் சீறிச் சூடாகும், அமில ஆவி வரும். எப்போதும் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தூள்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நான் இப்போது கரைத்தே விற்கும் திரவத்துக்கு மாறிவிட்டேன்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் கலந்தால் வேகம், தெளிவாகவும் தெரியும் என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குளோரின் வாடை வரும் ஒன்றை வீட்டுக்குள் கலக்க எனக்கு மனமில்லை. அதை இறுக மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

பழைய கரைசலைக் கொட்டவில்லை, இன்னும் சில போர்டுகளுக்கு ஓடும். பெயர் எழுதிய பிளாஸ்டிக் பாட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். சக்தி தீர்ந்த பிறகும் சாக்கடையில் ஊற்றக்கூடாது. செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு விஷம். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு நுரை அடங்கியதும், படியும் சகதியை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

துளை இன்னும் போடவில்லை. அதுவரை டோனர் மேலேயே இருக்கட்டும், செம்பு கறுக்காது. 0.8 மில்லிமீட்டர் கார்பைடு பிட் கொஞ்சம் சாய்ந்தாலே ஒடிந்துவிடும், அதனால் கைத் துரப்பணத்துக்கு ஒரு ஸ்டாண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியிழைத் தூசுக்கு முகக்கவசமும் வேண்டும். ஆனால் உண்மையில் மனசு முழுக்க டிரை ஃபிலிமில்தான் இருக்கிறது: டோனருக்குப் பதிலாகச் செம்பின்மேல் ஒட்டி, யுவி வெளிச்சத்தில் கோடுகளைப் பதிக்கும் படலம் அது. டெவலப் செய்ய, அதாவது வெளிச்சம் படாத பகுதியைக் கரைத்தெடுக்க, தேவையான சலவைச் சோடா ஏற்கெனவே கைவசம். யுவி எல்இடி பெட்டிக்கு வெளிச்சத்தை எப்படிச் சீராகப் பரப்புவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. யாராவது செய்திருந்தால் எல்இடிக்கும் போர்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.