இரணைமடுக் கட்டில் விண் கூவுது

வன்னியில் பட்டம் முதலில் காதுக்குத்தான் வரும், கண்ணுக்குப் பிறகுதான். தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை ஏ9 வீதியால் முல்லைத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாங்குளம் கழிந்து இரணைமடுச் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி மோட்டார்சைக்கிளை அணைத்ததும், மேலே எங்கேயோ விடாமல் ஒரு ரீங்காரம். அண்ணாந்து தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர்தான் சொன்னார்: "அது குளக்கட்டுப் பக்கம் நிக்கிற எட்டுமூலைப் பட்டம். நேற்றுப் பின்னேரம் ஏத்தினவங்கள், இன்னும் இறக்கேல்லை." முல்லைத்தீவு எங்கே ஓடிவிடப் போகிறது என்று சத்தம் வந்த பக்கம் திரும்பினோம்.

இரணைமடு வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் மாரி மழையில் நிரம்பிய தண்ணீர், மறுபக்கம் குடலை தள்ளிய பெரும்போக நெல். இடையில் மறிக்க ஒன்றுமில்லாமல் வாடைக்காற்று நேரே வந்து நெஞ்சில் மோதும். பட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. கட்டுக்குக் கீழே ஒரு பாலை மரத்தடியில் வயதான ஐயா ஒருவர் சாக்கில் குந்தியிருந்து விண் செய்துகொண்டிருந்தார். சுற்றிவரப் பெடியள்.

விண் என்பது பட்டத்தின் தலையில் பூட்டுகிற வில். வில்லுக்கு மூங்கில், நாணுக்குப் பனைமட்டை நார். ஊறவைத்த நாரை ஐயா தொடைமேல் விரித்து, உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டினார். ஒரு பக்கம் இழுப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திரும்பவும் சுரண்டுவார். தடிப்பு எங்கும் ஒரேயளவாக வரவேண்டும். நடுவில் கொஞ்சம் தடித்தாலும் சத்தம் கரகரக்கும். நாரின் இரண்டு நுனியையும் நூலால் கட்டி வில்லில் பூட்டி எழும்பி, காற்றுக்கு எதிரே பிடித்தார். தட்டையான நார் காற்றில் படபடத்துத் துடிக்க, அது அவருடைய கையிலேயே கூவியது. முகத்தில் திருப்தி இல்லை. நாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். சுருதி ஏறியது. "இப்ப கேளுங்கோ பிள்ளை. இது கூவும். முந்தினது அழுதது" என்றார்.

இப்போது பெரும்பாலும் பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் நாரைத்தான் பூட்டுகிறார்கள். அது மழைக்கும் பனிக்கும் தாங்கும், சத்தமும் பெரிது. ஆனால் பனைநாரின் குரலில் உள்ள அந்தக் கனிவு அதில் வராது. இதில் நான் முழுக்க ஐயாவின் கட்சி.

கொக்கு, பிராந்து, பாம்பு, வௌவால், நாலுமூலை, எட்டுமூலை, படலம், பெட்டி என்று பட்டங்களில் எத்தனையோ வகை இருக்கின்றன. கொக்குக்கும் பிராந்துக்கும் உருவம்தான் அழகு, எட்டுமூலைக்கும் படலத்துக்கும் விண் வேண்டும். எதுவானாலும் உயிர் முச்சையில் இருக்கிறது. பட்டத்திலிருந்து வருகிற நூல்கள் சேரும் அந்த முடிச்சை ஐயா அரை விரல் மேலே தள்ளிக் காட்டினார். மேலே போனால் பட்டம் காற்றை வெட்டிக்கொண்டு உயரும். கீழே வந்தால் காற்றை முழுதாய் வாங்கி ஆளையே இழுக்கும். முச்சை கோணினால் குத்தும், வால் காணாவிட்டால் சுழலும். ஒரு பெடியன் அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து வாலுக்கு நீளம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

பாடுகிற பட்டம் நமக்கு மட்டும் உரியதல்ல. வங்காள விரிகுடாவுக்கு அப்பால் மலேசியாவின் கிளந்தானில் வாவ் புலான் என்ற பிறைநிலாப் பட்டத்தின் தலையிலும் இதே மாதிரி ஒரு வில் உண்டு. அங்கே நெல் அறுத்த வயலில் ஏற்றுவார்கள். கம்போடியாவின் கிளெங் ஏக் பட்டமும் வில் பூட்டிப் பாடுவதுதான். பெட்டிப் பட்டத்தின் கதை வேறு: 1893 இல் ஆஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பறக்கும் இயந்திரம் செய்யும் முயற்சியில் உருவாக்கியது. அது உலகம் சுற்றி வன்னிப் பெடியள் கைக்கு வந்து, ரிசூ பேப்பரில் சிவப்பும் மஞ்சளுமாய் நம்முடையதாகிவிட்டது.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் இங்கே பற்றரிக்கே தடை. இரவில் பட்டத்தில் பல்ப் கட்டி ஏற்றுவது கனவு. பழைய பேப்பரை ஒட்டி, உரபாக்கில் நூல் உருவி முடிந்து ஏற்றியதாக ஐயா சொன்னார். பசைக்கு நறுவிலிப் பழம். 2009 க்குப் பிறகு மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது முதல் பட்டத்துக்கு விண் பூட்டியிருக்கிறார். அது கூவியதும் பேரன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டானாம். போர்க்காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை வன்னிச் சனம் வண்டு என்றுதான் சொல்லும். அந்த இரைச்சலும் இப்படித்தான் இருக்கும். "அந்த வருசம் விண் இல்லாமத்தான் ஏத்தினனாங்கள்" என்றார் ஐயா.

அறுந்த பட்டத்தைத் துரத்தி ஓடுவதுதான் இந்த விளையாட்டில் பாதிச் சந்தோசம். அந்த வருடங்களில் அதற்கும் வழியில்லை. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகைக்கு அப்பால் விழுந்தால், விழுந்ததுதான். எத்தனை பிள்ளைகள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்! அன்று காதைப் பொத்திய பேரன்தான் இன்று குளக்கட்டில் எட்டுமூலைக்கு நூல் விடுகிறான் என்று ஐயா கை காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்கு ஊரே திரளும். கப்பலும் விமானமும் வானத்தில் நிற்பது பெரிய காட்சி, கட்டாயம் பாருங்கள். ஆனால் விண் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முதல் நாள் இரவை வன்னியில் கழியுங்கள் என்பேன். லவுட்ஸ்பீக்கர் இல்லை, சனம் இல்லை. பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள், அது விடியும்வரை தன்பாட்டில் கூவும். சுருதி இறங்கினால் காற்று விழுகிறது என்று பாயில் கிடந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி நடுவிலிருந்து தை முடியும்வரை காற்று நிற்கும். மாசியில் அறுவடை மும்முரம், பெடியளும் வயலில் நிற்பார்கள். கிளிநொச்சியில் தங்கினால் இரணைமடு கிட்ட. அங்கிருந்து பரந்தன் வீதியால் விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம் கடந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் போகலாம், அங்கேயும் பின்னேரங்களில் ஏற்றுகிறார்கள். மின்சாரக் கம்பி இருக்கிற பக்கம் மட்டும் பிள்ளைகளை ஏற்ற விடாதீர்கள். பனைநார் விண் வேண்டுமென்றால் ஒரு நாள் முந்திச் சொல்லவேண்டும், நார் ஊற வேண்டும்.