வம்சாவளிப் படத்தில் முதலில் யாரைப் பார்ப்பது?

ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யார் யாருக்கு நோய் என்று வரைந்து காட்டும் வம்சாவளிப் படத்தைக் கையில் எடுத்ததும் கண் நேரே கறுப்பு நிரப்பிய உருவங்களுக்குத்தான் ஓடும். எத்தனை பேருக்கு நோய், எத்தனை தலைமுறையில் என்று எண்ண ஆரம்பித்துவிடுவோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, நோயில்லாத பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை எங்காவது பிறந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பண்பு ஒடுங்கு வகை (நல்ல ஜீன் ஒன்று கூட இருந்தால் மறைந்துவிடுவது) என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். நோயுள்ள இருவருக்கு நோயில்லாத பிள்ளை பிறந்திருந்தால் ஓங்கு வகை (பழுதான ஜீன் ஒன்றே வெளிப்படப் போதுமானது). படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இப்படி ஒரே ஒரு ஜோடி போதும்.

குறியீடுகள் சுலபம். சதுரம் ஆண், வட்டம் பெண், சாய்சதுரம் என்றால் பாலினம் தெரியாது. உருவத்தின் மேல் சாய்கோடு விழுந்தால் இறந்தவர். கணவன் மனைவிக்கு இடையே இரட்டைக் கோடு இருந்தால் இரத்த உறவில் நடந்த திருமணம். யாரை வைத்து விசாரணை தொடங்கியதோ அவருக்கு அம்புக்குறி. நோய்க் கடத்திகளை (பழுதான ஜீனைச் சுமந்தும் தமக்கு நோயில்லாதவர்களை) மட்டும் சிலர் நடுவில் புள்ளி வைத்தும் சிலர் பாதி நிரப்பியும் காட்டுவார்கள். ஓரத்தில் உள்ள குறிவிளக்கத்தைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

ஒடுங்கு வகை என்று முடிவானதும், ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயுள்ள ஒரு பெண்ணைப் பிடித்து அவளுடைய தகப்பனைப் பாருங்கள். அவளுக்கு இரண்டு எக்ஸ்; ஒன்று தகப்பன் கொடுத்தது. அவருக்கோ இருப்பதே ஒரு எக்ஸ்தான், அதில் பழுது இருந்தால் மறையவே முடியாது. எனவே தகப்பனுக்கு நோயில்லை என்றால் எக்ஸ் வழி அடிபட்டுப் போகும். நோயுள்ள தாய்க்கு நோயில்லாத மகன் இருந்தாலும் அதே கதிதான்.

‘தகப்பனுக்கும் மகனுக்கும் நோய் இருந்தால் எக்ஸ் வழி இல்லை’ என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். தாய்க்கு நோயில்லை என்றால் ஓங்கு பண்புக்கு அது சரி. ஒடுங்கு பண்பில் காலை வாரிவிடும்: மகன் அந்த எக்ஸைக் கடத்தியான தாயிடமிருந்து வாங்கியிருக்கலாம். இரட்டைக் கோடு உள்ள படத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு நோய், பாட்டிக்கு இல்லை. அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கும் இல்லை. மூத்த மகளின் மகன்கள் இருவருக்கு நோய், அவள் மகளுக்கு இல்லை. பார்த்தவுடன் ‘எக்ஸ் வழி ஒடுங்கு’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் மூத்த மகளின் கணவரும் கடத்தியாக இருந்தால் சாதாரண ஆட்டோசோம் (எக்ஸ், ஒய் அல்லாத குரோமோசோம்) ஒடுங்கு வகையும் இந்தப் படத்தில் அச்சாகப் பொருந்தும். நோய் அரிது என்றால், வெளியிலிருந்து வந்தவர் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அதனால் எக்ஸ் வழிக்கே சாய்கிறோம். சாய்கிறோம், அவ்வளவுதான், நிரூபிக்கவில்லை. நாளைக்கே அந்த மூத்த மகளுக்கும் நோயில்லாத அவள் கணவருக்கும் நோயுள்ள மகள் ஒருத்தி பிறந்தால் எக்ஸ் வழியைக் கைவிட வேண்டியதுதான்.

எக்ஸ் வழியைக் கண்ணுக்கு நேரே பார்க்க விக்டோரியா அரசியின் குடும்பம் நல்ல பாடம். அவர் மகன் லியோபோல்டுக்கு ஹீமோஃபிலியா (இரத்தம் சரியாக உறையாத நோய்), 1884-இல் இறந்தார். லியோபோல்டின் மகனுக்கு நோயில்லை, ஏனென்றால் தகப்பனிடமிருந்து வந்தது ஒய் குரோமோசோம். மகள் தப்பவே முடியாத கடத்தி. அவள் மகன் ரூபர்ட்டிடம் நோய் மறுபடி தலைகாட்டியது. விக்டோரியாவின் பேத்தி வழியாக இந்த நோய் போய்ச் சேர்ந்த ரஷ்ய அரச குடும்பத்தின் எச்சங்களைச் சோதித்த பிறகு, 2009-இல் அது ஹீமோஃபிலியா பி வகை என்று உறுதியானது.

முதலில் சொன்ன விதியும் ஏமாற்றும். குள்ளத்தன்மை தரும் அகோண்ட்ரோபிளேசியா ஓங்கு வகை. ஆனால் பெரும்பாலும் புதிய சடுதிமாற்றத்தால் (பெற்றோரிடம் இல்லாத ஜீன் மாற்றத்தால்), சராசரி உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறது. படத்தில் அது ஒடுங்கு வகை போலவே தெரியும். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் வெளிப்படும். 25 வயதுக்காரரின் வெற்று வட்டத்தை ‘நோயில்லை’ என்று படிக்கக் கூடாது. உருவத்தின் கீழே வயது எழுதாத படத்தை நான் பாதிப் படமாகத்தான் மதிப்பேன்.

கணக்கில் அடிக்கடி சறுக்கும் இடம் இரண்டு. ஆட்டோசோம் ஒடுங்கு நோயாளியின் நலமான தங்கை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/2 அல்ல, 2/3. அவளுக்கு நோயில்லை என்று தெரிந்துவிட்டதால் கடத்திகளான பெற்றோரின் ஜீன்கள் சேரக்கூடிய நான்கு கூட்டில் ஒன்று கழிந்துபோகிறது. மீதி மூன்றில் இரண்டு கடத்தி.

அடுத்தது, தாய்மாமனுக்கும் அண்ணனுக்கும் ஹீமோஃபிலியா உள்ள பெண். தாய் நிச்சயம் கடத்தி, ஆகவே இவளுக்கு 1/2. இவளுக்கு இரண்டு மகன்கள், இருவரும் நலம் என்றால் அதே 1/2-ஐச் சொல்லக் கூடாது. அவள் கடத்தியாக இருந்து இருவரும் தப்பியிருக்க 1/2 × 1/4 = 1/8. கடத்தியாக இல்லாதிருக்க 1/2, அதாவது 4/8. ஐந்து பங்கில் ஒன்று: 1/5. மூன்றாவது மகனும் நலமாகப் பிறந்தால் 1/9. நோயோடு பிறந்தால் இந்தக் கணக்கையெல்லாம் அடித்துவிட்டு வட்டத்தின் நடுவில் புள்ளி வைத்துவிடலாம்.