மூலை திரும்பும் ரேகை

அக்காவுக்கான மரப்பெட்டியை ஆறு பக்கமும் மூடிச் சேர்த்துவிட்டு, இன்று காலை ரம்பத்தால் சுற்றி அறுத்து மூடியைப் பிரித்தேன்.

இப்படிச் செய்தால்தான் மூடியில் ஓடும் மரத்தின் ரேகையும் பெட்டியின் உடலில் ஓடும் ரேகையும் விலகாமல் ஒன்றோடொன்று சேரும்.

நான்கு பக்கங்களும் ஒரே பலகையில் வரிசையாக வெட்டியவை. 45 டிகிரி சாய்வில் இணைத்ததும் ரேகை ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்கு மூலை திரும்பி ஓடுகிறது. மூன்று மூலைகளில் அப்படி. பலகையின் இரு முனைகளும் சந்திக்கும் நான்காவதில் மட்டும் அறுந்துவிடும். அந்த மூலையைப் பின்பக்கம் வைத்து, கீல் பொருத்தினேன். எத்தனை முறை பார்த்தாலும் அந்த முன்பக்க ஓட்டம் அலுக்கவில்லை.

அடிப்பலகையை ஒட்டவில்லை. பக்கப் பலகைகளில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், சும்மா நிற்கிறது. ஈரக்காற்றில் மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும். இடம் கொடுக்காவிட்டால் மூலைகளைப் பிளந்துவிடும்.

அப்புறம் உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து நயத்துக்கு: 120, 180, 240. எப்போதும் ரேகையின் போக்கிலேயே.

உள்ளே எண்ணெய் பூச மாட்டேன். மூடிய பெட்டிக்குள் அந்த வாசனை மாதக்கணக்கில் தங்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு சீக்கிரம் காயும், மணமும் போய்விடும். அக்கா கடிதங்களை வைக்கப்போகிறாள், அதனால் இது முக்கியம்.

ஒருவருக்காகச் செய்யும்போது அளவுகோலை எடுப்பதற்கு முன்பே அவரைப் பற்றி நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. எதைப் பத்திரப்படுத்துவார்? எந்தக் கையால் திறப்பார்? கடையில் வாங்கித் தந்த எந்தப் பரிசுக்கும் நான் இவ்வளவு யோசித்ததில்லை.

அடுத்தது அப்பாவுக்கு. மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் உரசாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு வைக்கப்போகிறேன்.