ஜிமேட்டில் 615: எங்கே இடம் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்ட விதம்

பிஸினஸ் ஸ்கூலில் சேர எழுதும் நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் எனக்கு வந்தது 615. எம்.பி.ஏ.வுக்கு நான் குறித்து வைத்திருந்த பிஸினஸ் ஸ்கூல்களில் பெரும்பாலானவற்றின் ஆவரேஜ் இதைவிட அதிகம். யாரைக் கேட்டாலும் 'கிடைச்சுடும்' என்றார்கள், இல்லையென்றால் 'வாய்ப்பே இல்லை' என்றார்கள். ஒருவரும் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

முதலில் அளவுகோலைச் சரிபார்த்தேன். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் மொத்த ஸ்கோர் 205 முதல் 805 வரை, கடைசி இலக்கம் எப்போதும் 5. பழையது 200 முதல் 800. பழைய 700க்கு ஏறக்குறைய இணையானது புதிய 645. பழைய கணக்கில் போட்ட 'சராசரி 700'ஐப் பார்த்து 85 புள்ளி குறைகிறதே என்று மலைத்துப்போக வேண்டாம். இடைவெளி 30தான்.

அதன்பிறகு ஆவரேஜைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பல கல்லூரிகள் கிளாஸ் ப்ரொஃபைலில், அதாவது சேர்ந்த மாணவர்களைப் பற்றி வெளியிடும் விவரத்தில், 'நடு 80 சதவீதம்' என்று ஒரு வரம்பு தருகின்றன. மேலே 10, கீழே 10 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மிச்சமிருக்கும் மாணவர்களின் ஸ்கோர் அது. 615 அதற்குள் வந்தால் ஸ்கோரை மட்டும் வைத்து என்னைக் கழித்துக்கட்ட மாட்டார்கள். அதற்கும் கீழே போனால் வேறு ஏதாவது அசாத்தியமாக இருக்க வேண்டும். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. இதை வைத்தே பட்டியலைப் பிரித்தேன்.

என் விஷயத்தில் மொத்த ஸ்கோரைவிடப் பெரிய சிக்கல் அதன் உள்பிரிவில் இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் 60 முதல் 90 வரை. எனக்கு வெர்பல் (மொழி) 86, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) 79, குவான்ட் (கணக்கு) 76. பட்டப்படிப்பிலும் கணக்குப் பாடம் ஒன்றுகூட இல்லை. முதல் டேர்மிலேயே ஃபைனான்ஸும் ஸ்டாடிஸ்டிக்ஸும் வரும். இவரால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று தேர்வுக் குழு யோசிப்பது நியாயமே. அந்தச் சந்தேகத்துக்குப் பதில் விண்ணப்பத்தின் வேறு பக்கங்களில் இருந்தாக வேண்டும்.

மதிப்பெண் சான்றிதழ் தரும் ஸ்டாடிஸ்டிக்ஸ் கோர்ஸ் ஒன்றை ஆன்லைனில் முடித்தேன். ரெஸ்யூமேயில் 'விற்பனைக் குழுவுக்கு உதவினேன்' என்றிருந்த வரி, 'பழைய ஆர்டர்களை அலசி, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்று கணக்கிடும் எக்செல் மாடலை உருவாக்கினேன்' என்று மாறியது. செய்த வேலை அதேதான்.

பரிந்துரைக் கடிதத்துக்கு மேனேஜரிடம் போனபோது, "கவலைப்படாதீங்க, நல்லா எழுதிடறேன்" என்றார். "நல்லா எழுதறதைவிட அந்தத் தள்ளுபடிக் கணக்கைப் பத்தி எழுதுங்க சார். அதை யார் போட்டதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். விண்ணப்பத்தில் விருப்பமிருந்தால் எழுதும் ஆப்ஷனல் எஸ்ஸேயில் நாலே வரி: குவான்ட் குறைவு, கோர்ஸில் வாங்கிய மதிப்பெண் இது, வேலையில் செய்த கணக்கு இது. தேர்வன்று தூக்கமில்லை, உடம்பு சரியில்லை என்றெல்லாம் அங்கே எழுதுவதால் ஒரு பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வரம்புக்குக் கீழே இருந்த இடத்தில் இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. விளிம்பில் இருந்த இடத்தில் வெயிட்லிஸ்ட். வரம்புக்குள் நன்றாகவே பொருந்திய கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே இன்டர்வியூவில் ஸ்கோரைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தள்ளுபடி மாடலைத்தான் குடைந்து குடைந்து கேட்டார்கள்.

ஆனால் ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை. பல கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் தரும்போதும் ஸ்கோரைப் பார்க்கின்றன. அதனால் இடம் கிடைக்குமா என்று கணக்குப் போடும்போதே முழுக் கட்டணத்தையும் சமாளிக்க முடியுமா என்றும் பாருங்கள். முடியாது என்றால், மாக் டெஸ்ட்களில் தொடர்ந்து கூடுதலாக வாங்குகிறவர்கள் இன்னொரு முறை எழுதுவது நல்லது. 16 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம். என் மாக் ஸ்கோர்களும் 615ஐ ஒட்டியே இருந்ததால் நான் மறுபடி எழுதவில்லை.