154 கட்டங்களில் கென்யா கிரிக்கெட்: சார்ட் போட்டுப் பார்த்த அனுபவம்

கென்யா ஆடிய ஒருநாள் போட்டிகள் மொத்தம் 154. அதில் ஜெயித்தது 42. இந்த 154-ஐயும் ஒரே சார்ட்டில், ஆட்டத்துக்கு ஒரு கட்டம் என்று போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. சார்ட் முடிந்துவிட்டது, முக்கியமான ஆட்டங்களைப் பந்து பந்தாகக் குறிக்கும் ஸ்கோர்புக் வேலை பாதியில் நிற்கிறது. இதுவரை கண்டதை எழுதி வைக்கிறேன்.

முறை சுலபம்தான். ஒரு செ.மீ. கட்டம் போட்ட பெரிய கிராஃப் தாள், அதில் 1996 முதல் 2014 வரை வருடத்துக்கு ஒரு பத்தி. ஜெயித்தால் பச்சை, தோற்றால் சிவப்பு, முடிவில்லாமல் போனால் பென்சில் சாம்பல். கட்டத்துக்குள் எதிரணியின் முதல் எழுத்து. இந்தப் புள்ளிவிவரம் எல்லாம்தான் பட்டியலாகக் கிடைக்கிறதே என்று வீட்டில் கேட்டார்கள். பட்டியலில் ஒரு ஆட்டத்துக்குக் கீழே அடுத்த ஆட்டம் ஒட்டி வந்துவிடும், நடுவில் ஒரு வருடமே காணாமல் போயிருந்தாலும் கண்ணில் படாது. வருடத்துக்கு ஒரு பத்தி என்று போட்டால் காலியான வருடம் காலியாகவே நிற்கும்.

இடது ஓரத்தில் 1996-க்கு முந்தைய கதைக்காக ஒரு சாண் இடம் விட்டிருந்தேன். 1975 உலகக் கோப்பையில் கென்யா தனி அணி இல்லை. கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா நான்கும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் ஆடினார்கள், கேப்டன் ஹரிலால் ஷா. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. லீட்ஸில் இந்தியாவிடம் 120-க்கு ஆல் அவுட். பிஷன் சிங் பேடி 12 ஓவரில் 8 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 6 ரன், 1 விக்கெட். இந்தியா உலகக் கோப்பையில் ஜெயித்த முதல் ஆட்டமே அதுதான். அந்த அணியில் இருந்த டான் பிரிங்கிள் அதே வருடம் நைரோபியில் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் மகன் டெரெக் பிரிங்கிள் பிற்பாடு இங்கிலாந்துக்கு ஆடினார். டெரெக் பிறந்தது நைரோபியில். நியூசிலாந்தின் தீபக் படேல், பாகிஸ்தானின் காசிம் உமர் இருவரும் அதே ஊரில் பிறந்தவர்கள். அந்த ஊரில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்பதற்காக இந்தப் பெயர்களையும் ஓரத்தில் எழுதினேன்.

1981-ல் கென்யா ஐசிசி-யில் (சர்வதேச கிரிக்கெட் அமைப்பு) தனி உறுப்பு நாடானது. 1994-ல் உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியான ஐசிசி டிராஃபி நைரோபியிலேயே நடந்தது, இறுதி ஆட்டத்தில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2 விக்கெட்டில் தோற்றாலும் உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தது.

சரி, முதல் பத்தி. 1996 பிப்ரவரி 29, புனே. பெரிய அணியிடம் போணியே வெஸ்ட் இண்டீஸில் ஆரம்பிக்கிறது. கென்யா 166, அதில் உதிரி ரன் மட்டும் 37, எந்த பேட்ஸ்மேனும் அந்த அளவுக்கு அடிக்கவில்லை. பதிலுக்கு வெஸ்ட் இண்டீஸ் 93-க்குச் சுருண்டது. லாரா 8 ரன்னில் ரஜப் அலி பந்தில் கீப்பர் தாரிக் இக்பாலிடம் கேட்ச். கேப்டன் மாரிஸ் ஒடும்பே 10 ஓவரில் 15 ரன் கொடுத்து 3 விக்கெட். அந்தப் பச்சைக் கட்டத்தை இரண்டு தடவை தீட்டினேன். ஆறு நாள் கழித்து கண்டியில் இலங்கை 398 அடித்தது, அன்றைக்கு அது உலக சாதனை. ஆனால் கென்யா பயந்து ஒடுங்கவில்லை, 254 எடுத்தது, ஸ்டீவ் டிகோலோ 96. அந்தச் சிவப்பும் எனக்குப் பிடித்த சிவப்பு. இந்தியாவையும் இரண்டு முறை அடித்திருக்கிறார்கள், 1998-ல் குவாலியரில் 69 ரன், 2001-ல் போர்ட் எலிசபெத்தில் 70 ரன் வித்தியாசத்தில்.

அப்புறம் 2003 உலகக் கோப்பை. பாதுகாப்பு பயத்தில் நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்து, புள்ளிகளை அப்படியே விட்டுக்கொடுத்தது. ஆடாத ஆட்டம் 154-ல் சேராது, அதனால் பென்சிலால் வெறும் கோடு மட்டும் போட்ட ஒரு கட்டம் வைத்தேன். 'அந்த இலவசப் புள்ளியில்தானே அரையிறுதிக்குப் போனார்கள்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கணக்கு போட்டுப் பார்த்தேன். பிரிவில் கென்யாவுக்கு 16 புள்ளி. அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் 12, வெஸ்ட் இண்டீஸும் தென்னாப்பிரிக்காவும் 14. ஆக அந்தப் புள்ளி இல்லாமல் சூப்பர் சிக்ஸ் (பிரிவுக்கு மூன்று அணி போகும் அடுத்த சுற்று) இல்லை, அது உண்மை. ஆனால் மீதி 12 புள்ளியை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. கனடா, வங்கதேசம், அதற்கு மேல் இலங்கை. நைரோபி ஜிம்கானா மைதானத்தில் 210 எடுத்துவிட்டு இலங்கையை 157-க்கு உருட்டினார்கள், லெக் ஸ்பின்னர் காலின்ஸ் ஒபூயா 24 ரன்னுக்கு 5 விக்கெட். சூப்பர் சிக்ஸில் ஜிம்பாப்வேயையும் 7 விக்கெட்டில் ஜெயித்தார்கள். டெஸ்ட் அந்தஸ்து இல்லாத ஒரு நாடு உலகக் கோப்பை அரையிறுதி ஆடியது அந்த ஒரு முறைதான். டர்பனில் இந்தியாவிடம் 91 ரன்னில் தோற்றார்கள், கங்குலி 111 நாட் அவுட்.

இந்தப் பச்சைக்கெல்லாம் வலப்பக்கம் பார்த்தால் வயிறு எரிகிறது. உலகக் கோப்பை முடிந்த கையோடு ஷார்ஜாவில் ஒரு போட்டித் தொடர், அதோடு சரி. 2004-ல் சாம்பியன்ஸ் டிராஃபியில் இரண்டே ஆட்டம். 2005-ல் ஒன்றுகூட இல்லை, முழுப் பத்தியும் வெள்ளை. அரையிறுதி ஆடிய அணியை பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் விட்டதுபோல இருக்கிறது. உள்ளூரிலும் நிலைமை மோசம்தான்: சம்பளத் தகராறு, வீரர்கள் வேலைநிறுத்தம், 2004-ல் புக்கிகளோடு (சூதாட்டத் தரகர்கள்) தொடர்பு வைத்ததற்காக ஒடும்பேக்கு ஐந்து வருடத் தடை, 2005-ல் பழைய வாரியம் போய்ப் புதிய அமைப்பு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆட்டம் கொடுக்காமல் விட்டதற்கு அதையே முழுக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அதற்கு ஆதாரமாக வங்கதேசக் கட்டங்களை மட்டும் தனித் தாளில் எடுத்து வரிசையாகப் போட்டேன். மொத்தம் 14 ஆட்டம். முதல் ஏழில் கென்யா ஆறு ஜெயித்திருக்கிறது, 1998-ல் ஐதராபாத்தில் மட்டும் தோல்வி. ஏழாவது ஆட்டம் 2003 உலகக் கோப்பை. எட்டாவது 2006-ல். எட்டு முதல் பதினாலு வரை ஏழும் சிவப்பு. நடுவில் என்ன நடந்தது? 2000-லேயே டெஸ்ட் அந்தஸ்து வாங்கிய வங்கதேசம் இந்த மூன்று வருடமும் பெரிய அணிகளிடம் அடி வாங்கி அடி வாங்கியே கற்றுக்கொண்டது. கென்யாவுக்கு அடி வாங்கக்கூட ஆட்டம் இல்லை. சார்ட் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வரிசைதான்.

இனி ஸ்கோர்புக் வேலை. முக்கியமான ஆட்டங்களை வீடியோ கிடைக்கிற அளவுக்கு வைத்து, நிறுத்தி நிறுத்திப் பந்து பந்தாகக் குறிக்கிறேன். முதலில் எடுத்தது 2003 டர்பன், ஆஸ்திரேலியா ஆட்டத்தில் ஆசிஃப் கரீம் போட்ட ஸ்பெல். வயது 39, இடது கை ஸ்பின், ஓய்வு பெற்றவரைத் திரும்பக் கூப்பிட்டு அணியில் சேர்த்தார்கள். டேவிஸ் கோப்பை டென்னிஸும் கென்யாவுக்காக ஆடியவர். 8.2 ஓவர், 6 மெய்டன், 7 ரன், 3 விக்கெட்: பான்டிங், லேமன், ஹாக். பழைய முறையில் ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, மேலிருந்து கீழாக மூன்று, பக்கத்தில் மூன்று. ஓவர் மெய்டனானால் அந்த ஆறையும் கோட்டால் இணைத்து ஆங்கில எம் எழுத்தாக்க வேண்டும், விக்கெட்டும் விழுந்திருந்தால் டபிள்யூ. மற்றவர்கள் பக்கத்தில் எல்லாம் எண்களாக நிறைந்திருக்க, கரீம் வரியில் மட்டும் வரிசையாக இந்தக் கோடுகள். முழு ஓவர் எட்டில் ஆறு இப்படி. கில்கிறிஸ்ட் 43 பந்தில் 67 அடித்த அதே ஆடுகளம்! ஆஸ்திரேலியா ஜெயித்தது, ஆட்ட நாயகன் விருது கரீமுக்கு.

2006-க்குப் பிறகு சின்ன அணிகளோடு நிறைய ஆட்டம், அங்கே பச்சையும் இருக்கிறது. பெரிய மேடையில் இல்லை. 2011 உலகக் கோப்பையில் நம்ம சேப்பாக்கத்தில் நியூசிலாந்திடம் 69-க்கு ஆல் அவுட், அவர்கள் எட்டே ஓவரில் முடித்துவிட்டார்கள். அந்தத் தொடரில் ஆறும் தோல்வி. பெங்களூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக காலின்ஸ் ஒபூயா 98 நாட் அவுட், லெக் ஸ்பின் போட்ட அதே பையன் இப்போது பேட்ஸ்மேனாக. டிகோலோ அந்த உலகக் கோப்பையோடு விடைபெற்றார். 2014 ஜனவரியில் தகுதிச் சுற்றில் தோற்று ஒருநாள் அந்தஸ்தே (அதிகாரப்பூர்வ சர்வதேச ஒருநாள் போட்டி ஆடும் தகுதி) போய்விட்டது, கடைசிக் கட்டம் கிறைஸ்ட்சர்ச்சில் ஸ்காட்லாந்துடன்.

ஸ்கோர்புக்கில் அடுத்து நைரோபி, இலங்கை ஆட்டம். அது முடிந்ததும் உகாண்டா சார்ட். 2024 டி20 உலகக் கோப்பையில் பப்புவா நியூ கினியை ஜெயித்தார்களே, 43 வயது ஃபிராங்க் என்சுபுகா 4 ஓவரில் 2 மெய்டன், 4 ரன், 2 விக்கெட் எடுத்த ஆட்டம், அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம் என்று யோசனை. டி20 எண்ணிக்கை அதிகம், அரை செ.மீ. கட்டம் போட்ட தாள் வேண்டும். யாரிடமாவது 1994 ஐசிசி டிராஃபி பற்றிய பழைய பத்திரிகைத் துண்டுகள் இருந்தால் சொல்லுங்கள், இடது ஓரத்தில் இன்னும் இடம் இருக்கிறது.