விளிம்பில் ஒரு பெயர்

ஜூன் 4, ஞாயிறு

புதுச்சேரி காந்தி வீதிச் சண்டே மார்க்கெட்டில், பழைய பூட்டுகளும் கடிகார முட்களும் குவிந்து கிடந்த ஒரு சாக்கின்மேல், கறுத்துப்போன வெள்ளி வட்டு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் ஆடையற்ற வீரன் ஒருவன் குதிரைமேல் இருக்க, குதிரையின் காலடியில் ஒரு கேடயமும் ஒரு மண்டையோடும் மிதிபடுகின்றன. ஓரத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள். முதல் உலகப்போரில் சேவை செய்தவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப் பதக்கம். கடைக்கார பாய் அதைத் தராசில் வைத்து, இருபத்தெட்டு கிராம் என்று சொல்லி, வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து 2,200 ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தோன்றாமல் கொடுத்துவிட்டேன்.

கடலூர் பேருந்தில் தவளக்குப்பம் தாண்டும்போதுதான், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான், விளிம்பைச் சுற்றி எழுத்துகள் இருப்பதைக் கண்டேன். ஓர் எண், சிப்பாய் என்ற சொல், ஒரு தமிழ்ப் பெயர், 63, பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படையணியின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கேயோ இருப்பார்கள். இது என்னிடம் இருக்கிறது என்பதை அவர்கள் முதலில் என் வாயால்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 5, திங்கள்

அம்மாவின் ரிப்போர்ட் வியாழக்கிழமைதான் கிடைக்கும் என்கிறார்கள்.

ஜூன் 6, செவ்வாய்

வெள்ளிக் குத்துவிளக்கை எப்படித் துலக்குவோமோ அப்படியே, அம்மா ஒரு பழைய துணியில் திருநீறு தொட்டுப் பதக்கத்தைத் துலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் கறுப்பெல்லாம் போய் வட்டு பளபளத்தது. விளிம்பின் எழுத்துப் பள்ளங்களில் திருநீறு வெள்ளையாகத் தங்கிவிட, இரண்டு நாளாகப் பூதக்கண்ணாடி வைத்தும் பிடிபடாத கடைசி இரண்டு எண்களும் தாமாகவே தெளிந்து நின்றன. நான் உரக்கப் படித்தேன். அம்மா அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

ஜூன் 8, வியாழன்

ரிப்போர்ட் வரவில்லை. திங்களாம்.

நேற்றிரவெல்லாம் பதக்கங்களைப் பராமரிப்பது பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. வெள்ளியின்மேல் பல்லாண்டுகளாகப் படிந்த கருமையை எடுக்கவே கூடாதாம். அதுதான் அதன் வயதாம். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தேய்ந்து போகிறது. உருவத்தின் மூக்கும் விளிம்பின் எழுத்தும்தான் முதலில் மழுங்கும். சிப்பாயின் பெயரை நானே கால் மணி நேரம் தேய்த்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லாம் இருக்கின்றன. அவை மேலோட்டமாகக் கீறியவை அல்ல, அச்சு வைத்து உலோகத்துக்குள் இறக்கியவை என்பதால் தாங்கியிருக்கின்றன. ஆனாலும் முதல் எழுத்தின் ஒரு கால் முன்பைவிட மெலிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் நாள் முழுவதும் என்னை விடவில்லை. நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். எடுத்துப் பார்ப்பதும் தவறுதான், விரல் வியர்வையும் வெள்ளிக்கு ஆகாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததை எடுத்து, கஞ்சி போடாமல் துவைத்த வேட்டித் துண்டில் சுற்றி, மரப்பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

சந்தையில் என்னைத் தெரிந்துவிட்டது. "மெடல் சார்" என்று கூப்பிடுகிறார்கள். ஒருவர் துணியில் பொதிந்து ரகசியம்போல் ஒரு இரும்புத் துண்டை நீட்டி, எம்டன் போட்ட குண்டின் சில்லு, 4,000 ரூபாய் என்றார். என் கை நடுங்கியது உண்மை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது; உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு பட்ட இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதன் கதை முடிந்துவிட்டாலும், சரியான எம்டன் என்று ஆளைச் சொல்கிற வழக்கு நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. என் தாத்தாவை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அத்தனை ஆசையோடு துண்டைத் திருப்பிப் பார்த்தால், உட்புறம் ஒழுங்காக மரை வெட்டியிருக்கிறது. மரையின் பள்ளத்தில் சணலும் வெள்ளை ஈயமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அது தண்ணீர்க் குழாய் இணைப்பு. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 12, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. அண்ணன் சென்னையிலிருந்து புறப்பட்டு வருகிறான்.

ஜூன் 14, புதன்

தூக்கம் வரவில்லை. 63ஆம் படையணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறி, கிழக்கு ஆப்பிரிக்காவில் அன்று ஜெர்மனியரிடம் இருந்த டாங்கா துறைமுகத்துக்கு அனுப்பப்பட்ட படைகளில் அதுவும் ஒன்று. நவம்பர் 2 முதல் 5 வரை சண்டை. எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கின் ஏறத்தாழ ஆயிரம் பேர். இவர்கள் எட்டாயிரம் பேர். ஆனாலும் தோற்றார்கள். அடர்ந்த புதருக்குள் இயந்திரத் துப்பாக்கிகள் ஒருபக்கம் சுட, கலைந்த தேன்கூடுகளிலிருந்து தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. ஆங்கிலேயர் அந்தச் சண்டைக்குத் தேனீக்களின் போர் என்றே பெயர் வைத்தார்கள். பாளையங்கோட்டைப் படை ஓடிவிட்டது என்று பல நூல்களில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, வாந்தியும் மயக்கமுமாக, ஒருநாள்கூடக் கரையில் இளைப்பாறாமல் முன்பின் பார்த்திராத காட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள் என்பதை அடுத்த வரியில் எழுதியவர்கள் குறைவு. எனக்கு இது பொறுக்கவில்லை. இந்தச் சிப்பாய் அந்தக் காட்டில் இருந்தாரா, பிறகு படையில் சேர்ந்தவரா என்பதைப் பதக்கம் சொல்லாது. போர்க்காலத்தில் சேவை செய்தவர் என்பதை மட்டுமே சொல்லும். இருந்தாலும் இரவில் கண்ணை மூடினால் அவரை அந்தப் புதருக்குள்தான் பார்க்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

செத்தவர்கள் சாமான் வீட்டுக்கு ஆகாது என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அவன் திரும்பி வந்தானாடா?" என்று கேட்டார்.

ஜூன் 18, ஞாயிறு

பாய் ஒரு டப்பாவைத் திறந்து நான்கு துப்பாக்கித் தோட்டாக்களைக் காட்டினார். மூன்று வெறும் கூடு. நான்காவதன் தலையில் ஈயக்குண்டு அப்படியே இருந்தது, அடியில் ஊசி விழுந்த தழும்பும் இல்லை. வெடிக்காத தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும், அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், இரும்பு எடைக்கு வாங்கியதாம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற எவரும் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

மருத்துவமனை வாசலில் ஆட்டோக்காரர் குண்டு சாலை வழியாகப் போகட்டுமா என்று கேட்டார். 1690இல் புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுடையவை என்று கும்பினியார் எல்லை வகுத்ததன் தழும்பு அந்தப் பெயர். குண்டு உப்பலவாடியும் அப்படி வந்ததே. எத்தனை வருடமாக இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போய்வந்திருக்கிறேன்.

ஜூன் 22, வியாழன்

இன்று தேடிவிட்டேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குப் பயம்தான் காரணம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இறந்தவர்களைப் படையணி கொண்டும் எண் கொண்டும் தேடலாம். நம் ஆட்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம்வரை இருக்கிறது. தென்னாற்காடு என்று ஒரு பதிவில் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது, ஆனால் அவர் வேறொருவர். 63ஆம் படையணியில் இந்த எண்ணோடு, இந்தப் பெயரோடு யாரும் இல்லை. பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இல்லை. இல்லை என்ற ஒரு சொல்லுக்காக இவ்வளவு மகிழ்ந்தது இதுதான் முதல் முறை. அடுப்படிக்குப் போய், வந்துவிட்டார் போலிருக்கிறது அம்மா என்று சொன்னேன்.

ஜூன் 24, சனி

சொல்லியிருக்கக் கூடாது. அதே ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையை இன்று படித்தேன். முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லாமலும் போயிருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு, படையணியின் கீழே இத்தனை பேர் என்ற எண் மட்டும். பட்டியலில் இல்லாதவர் ஊர் திரும்பினார் என்று எதை வைத்துச் சொல்வது? கல்லில் பெயர் வெட்டத் தயங்கிய அதே அரசுதான் இந்த வெள்ளி விளிம்பில் அதைப் பொறித்து அனுப்பியிருக்கிறது. அப்படியானால் இந்தச் சிறு வட்டுத்தான் அவருக்குக் கல்வெட்டு. 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது இதுபோன்றவை மூட்டை மூட்டையாக உருக்குவதற்குப் போயின என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 28, புதன்

இங்கிலாந்திலிருந்து ஒருவர் 300 பவுண்டு தருகிறேன் என்று எழுதியிருக்கிறார். அறுவை சிகிச்சைக்குக் கட்ட வேண்டிய முன்பணத்தில் அது ஒரு பெரும் பங்கு. நூறாண்டு கடந்த பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது என்று பதில் எழுதினேன். சட்டம் இல்லாதிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று எழுத வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

முதுநகரில் உள்ள பத்தர் ஒருவரிடம் காட்டினேன். நாடா கோக்கும் பட்டை எப்போதோ கழன்றுவிட்டது. அந்த இடத்தில் யாரோ பொடிவைத்து ஊதிச் சிறிய காது ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றாசு உள்ளூர் வேலைதான், ஆனால் நல்ல கை என்றார் பத்தர். சேகரிப்பாளர்கள் கணக்கில் இது பெரிய ஊனம். விலை பாதிக்குக் கீழே போய்விடும். எனக்கோ இந்தக் காதுதான் இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. காதின் உட்பக்கத்தில் முடி அளவுக்கு ஒரு கறுப்பு நூல் சிக்கியிருந்தது. வீட்டுக்கு வந்து காட்டியதும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்து, இது குழந்தையின் அரைஞாண் கயிறு என்றார். "வந்திருந்தாத்தானே புள்ளைக்குக் கட்டுவாங்க?" என்றார். இறந்தவரின் வீட்டுக்கும் பதக்கம் வரும், அவருடைய குழந்தைக்கும் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

ஜூலை 5, புதன்

தேதி கொடுத்துவிட்டார்கள். 17.

ஜூலை 9, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை.

ஜூலை 14, வெள்ளி

ரத்தம் கொடுக்கப் புதுச்சேரிக்கு வந்த நான், கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே உள்ள பிரெஞ்சுப் போர் நினைவகத்துக்கும் போனேன். 1938இல் எழுப்பியது, 1914-18இல் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. பிரான்சின் தேசிய நாள் என்பதால் மலர்வளையங்கள், மூன்று நிறக் கொடி, கோட்டு அணிந்த முதிய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையின் முன்னாள் சிப்பாய்கள். ஒரு பேரன், தாத்தாவின் பதக்கங்களைச் சட்டம் போட்டுக் கையில் ஏந்தி நின்றான். அதில் மூன்று தலை ஐராவதம் பொறித்த வெண்கலப் பதக்கம் ஒன்று, பச்சையும் மஞ்சளுமான நாடாவோடு. இந்தோசீனப் போருக்காக 1953இல் ஏற்படுத்தியது அது. படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அருகில் போய், தாத்தா எந்த ஊர் என்று கேட்டேன். அரியாங்குப்பம் என்று சொல்லி, சைகோனில் அவர் சாப்பிட்ட சோறு, கற்றுக்கொண்ட பாட்டு என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அதற்குள் என் பின்னாலிருந்து ஒருவர், எவ்வளவுக்குத் தருவாய் என்று கேட்டார். மலர்வளையங்களில் ஈரம் காயவில்லை. பையன் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். நானும் ஒரு வாரத்துக்கு முன்னால் அப்படித்தான் கேட்டிருப்பேனோ என்று எண்ணி அவமானமாக இருந்தது. அவனிடம் துலக்காதே, பிளாஸ்டிக்கில் போடாதே, யாருக்கும் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு நடந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

கேட்டிருந்த நாடா கூரியரில் வந்தது. நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். 32 மில்லிமீட்டர் அகலம். முன்பு யாரோ பற்றவைத்த காதில் நூல்தான் நுழையும், நாடா நுழையாது. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மா பதக்கத்தை வாங்கி விளிம்பைத் தடவி, அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார். நாளைக் காலை ஏழு மணிக்கு அட்மிஷன்.