விடைபெறும் வாரம்: கோடை வகுப்பு நாட்குறிப்பு

மே 19, 2025, திங்கள்

வெள்ளிக்கிழமையோடு வகுப்பு முடிகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேர். புது டீச்சருக்கு இதுதான் முதல் கோடை வகுப்பு. கடைசி நாளில் ஒரு இனிப்பு, ஒரு போட்டோ என்று முடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நாலு வாரம் தினமும் வந்த பிள்ளைக்கு அது போதாது. தான் என்ன கற்றோம் என்று தெரிந்துகொண்டு, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வேலையை இன்றே தொடங்கினால்தான் முடியும்.

இன்று வாசிப்புப் பதிவு. முதல் நாள் வாசித்த அதே பத்தி ஒரு நிமிடம், இதுவரை பார்க்காத பத்தி ஒரு நிமிடம். பழைய பத்தியை மட்டும் கொடுத்தால் பாதி மனப்பாடத்தில் ஓடிவிடும். எதிரே உட்கார்ந்தால் பரீட்சை ஆகிவிடும், பக்கத்தில் உட்கார வேண்டும். தப்பாக வாசித்த சொல்லுக்குக் கோடு, விட்டுப்போனதற்கு வட்டம். பிள்ளை தானே திருத்திக்கொண்டால் அது தப்புக் கணக்கில் சேராது. ஃபேனுக்குக் கீழே பதிவு செய்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கும், அதனால் திண்ணை. கத்திரி வெயில் என்பதால் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

முடிந்ததும் முதல் நாள் பதிவையும் இன்றைய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினோம். ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை முதல் நாள் 'கொடி'யைக் 'கெ... கா...' என்று கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரித்து வாசித்திருந்தது. இன்று நிற்காமல் போகிறது. போனைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "இது நானா மிஸ்?" என்றது. மதிப்பெண் எதுவும் இதற்கு ஈடாகாது.

மே 20, செவ்வாய்

அஞ்சலட்டை நாள். ஒரு பிள்ளைக்கு 2 அட்டை, மொத்தம் 36. ஒன்று 50 பைசா, ஆக 18 ரூபாய். சின்ன அஞ்சலகங்களில் இத்தனை ஒரே நேரத்தில் இருக்காது, போன வாரமே சொல்லி வைத்து வாங்கியது.

ஓர் அட்டையில் பிள்ளை தன் வீட்டு முகவரியைத் தானே எழுதும். அது டீச்சரிடம் இருக்கும், ஜூனில் தபாலில் போகும். இன்னொன்று பதில் போடுவதற்கு, அதில் நூலக முகவரி எழுதிப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவோம். டீச்சரின் வீட்டு முகவரி வேண்டாம், எந்த வகுப்பிலும் வேண்டாம்.

இதில்தான் ஒன்றரை மணி நேரம் போகும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். வீட்டுக்கு வழி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு முகவரி தெரியாது. "பிள்ளையார் கோயில் பக்கம்" என்று நிறுத்திவிடும். அதனால் நேற்றே சொல்லி ஆதார் அட்டையையோ கரண்ட் பில்லையோ பார்த்து எழுதி வரச் சொன்னோம். அதிலும் சிக்கல் உண்டு. வாடகை வீடு மாறியிருப்பார்கள், ஆதாரில் பழைய தெரு இருக்கும். பழைய எண், புது எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். அப்பா பெயரோ, தபால்காரருக்குப் பழக்கமான வேறொருவர் பெயரோ கட்டாயம் வேண்டும். பிள்ளையின் பெயர் தெருவில் தெரியும், தபால்காரருக்குத் தெரியாது.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது என்பதையும் சொல்லிக்கொடுத்தோம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 612 கும்பகோணம், 613 தஞ்சாவூர். கடைசி மூன்று எண் நம் அஞ்சலகம். ஆறு கட்டத்தில் ஆறு எண், விளிம்பு தாண்டக் கூடாது. ஜெல் பேனா வேண்டாம், வியர்வைக் கை பட்டாலே மை பரவும். பால்பாயிண்ட்தான் சரி. முதலில் பென்சிலில் எழுதவிட்டு, பார்த்துச் சரி செய்த பிறகு மேலே பேனா.

மே 22, வியாழன்

நேற்று முழுக்கப் பிள்ளைகள் தங்கள் கதையை எழுதினார்கள். இன்று அதைப் புத்தகமாகத் தைப்பது.

நோட்டாகக் கொடுத்தால் பாதி நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அட்டை போட்ட புத்தகத்தை அம்மா எடுத்து வைப்பார். ஏ4 தாள் இரண்டை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 8 பக்கம். மடித்த பிறகு பென்சிலில் பக்க எண் போட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். மறந்தால் வெளித்தாளில் 1-க்குப் பக்கத்தில் 8 வருவது புரியாமல் கதை முன்னும் பின்னுமாகிவிடும், போன முறை பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆனது.

மடிப்பில் மூன்று துளை. நூல் மடிப்பின் நீளத்தைப் போல மூன்று மடங்கு, 65 செ.மீ. போதும். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளையில் உள்ளே, உட்புறமாகவே நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு நுனியும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு ஆளுக்கொரு பக்கம் இருக்க வேண்டும், அதை நடுவில் வைத்து முடிச்சு. ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு நகர்ந்து புத்தகம் தொளதொளவென்று ஆகிவிடும். துளையைப் பெரியவர்கள் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

நாளைக்குச் சுண்டல். தம்பி தங்கைகளும் வருவார்கள் என்பதால் கொண்டைக்கடலை ஒன்றேகால் கிலோ, ராத்திரியே ஊற வேண்டும். இந்த வெயிலில் தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும், பரிமாறும்போதுதான் தூவ வேண்டும்.

மே 23, வெள்ளி

போட்டோ முதலில், சுண்டல் கடைசியில். தாளிப்பு வாசனை வந்த பிறகு யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள்.

டீச்சர் நேற்று ராத்திரி 18 பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதி வைத்திருந்தார். "நல்லாப் படி" என்று எல்லோருக்கும் சொல்வதில் பயனில்லை. "கொம்பு வந்தா நின்னு பாத்து வாசிக்கிற, அதை விட்டுடாதே." இப்படி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் பொருந்துவதாக, அம்மா பக்கத்தில் நிற்கும்போது. வராததை அந்த நேரத்தில் சொல்லக் கூடாது.

"எங்க ஸ்கூலுக்கே வந்துடுங்க மிஸ்" என்று கட்டாயம் கேட்பார்கள். நம் வழக்கத்தில் 'போறேன்' என்று சொல்லமாட்டோம், 'போயிட்டு வரேன்' தான். ஒன்பது வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும். அடுத்த ஆண்டு வருவது உறுதியில்லை என்றால் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அட்டை வரும், பதில் போடு என்று உறுதியாக இருப்பதைச் சொல்ல வேண்டும். டீச்சர் அப்படியே சொன்னார். இரண்டு பேர் அழுதார்கள். தடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஜூன் 2-இல் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே அனுப்பினால் புதுப் புத்தகப் பரபரப்பில் அட்டை தொலையும், அதனால் இன்றுதான் தபாலில் சேர்த்தோம். 18 அட்டையிலும் நாலே வரி, பெரிய எழுத்து.

அதற்கு முன்பே ஒரு பிள்ளை தன் கையில் இருந்த அட்டையைப் போட்டுவிட்டது. "மிஸ், பல்லி திறந்தாச்சு." சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த அட்டை வராது. டீச்சர் பதில் எழுதினார்: "உங்கள் பள்ளியில் நூலகம் இருக்கிறதா? பள்ளி நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தாய்?"